பால்பல்லும் பத்தாம் வகுப்பும் ஒரே வீட்டில்: தடுமாறிக் கற்ற வழி

எங்கள் வீட்டில் பெரியவனுக்கு 15 வயது, பத்தாம் வகுப்பு. சின்னவளுக்கு இரண்டேகால். குடியிருப்பது பாளையங்கோட்டையில். நான் வண்ணார்பேட்டையில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன், வீட்டுக்காரர் எலக்ட்ரீசியன். "ஒண்ணை வளத்த கைதான, ரெண்டாவதுல என்ன கஷ்டம்?" என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் நம்பினேன். 13 வருஷ இடைவெளியில் கைக்கு ஒன்றுமே ஞாபகம் இல்லை என்பது பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றைக்குத்தான் தெரிந்தது. அதுவாவது பரவாயில்லை. ஒரு பிள்ளைக்குச் சரியாக இருப்பது இன்னொரு பிள்ளைக்கு நேர் எதிராக இருக்கும் என்பதை யாருமே சொல்லவில்லை.

ஒரு நாள் சாயங்காலம் பெரியவன் வந்து, "நாளைக்குப் பெர்த் சர்டிபிகேட் கேக்காங்கம்மா, நாமினல் ரோலுக்கு" என்றான். பொதுத்தேர்வு எழுதும் பிள்ளைகளின் பெயர்ப் பட்டியல்தான் அது. சின்னவள் ஊசி போட்ட காய்ச்சலில் மடியில் கிடந்தாள். சான்றிதழை வீடு முழுக்கத் தேடி, கடைசியில் அது எங்கள் அம்மா வீட்டில், தென்காசியில் இருக்கிறது என்று கண்டுபிடித்தபோது ராத்திரி 10 மணி. இனி ஒருத்தரும் அப்படி முழிக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். இரண்டாவது பிள்ளை தாமதமாக வரப்போகிறவர்களுக்கும், வந்துவிட்டு விழிபிதுங்கி நிற்பவர்களுக்கும்.

1. பெரிய பிள்ளையிடம் நீங்களே முதலில் சொல்லுங்கள்

நான் செய்த முதல் தப்பு இது. ஐந்தாம் மாசம் வரை சொல்லாமலே இருந்துவிட்டேன். வளவில் ஒரு ஆச்சி அவனிடம், "ஏல, உனக்குத் தங்கச்சியா தம்பியால வேணும்?" என்று கேட்டுத்தான் அவனுக்குத் தெரிந்தது. அப்புறம் பல நாள் என் முகத்தைப் பார்த்து அவன் பேசவில்லை. 12, 13 வயதுப் பையனுக்கு அம்மா வயிற்றோடு பள்ளிக்கூட வாசலில் நிற்பது எவ்வளவு பெரிய கூச்சம் என்று எனக்கு உறைக்கவே இல்லை.

மூன்றாம் மாசம் முடிந்ததும், சொந்தக்காரர்களுக்குச் சொல்வதற்கு முன்னால், அம்மாவும் அப்பாவும் சேர்ந்து உட்கார்ந்து சொல்லுங்கள். "இனிமே நீதான் பெரிய மனுஷன்" என்ற வாக்கியத்தை மட்டும் வாயில் எடுக்காதீர்கள். அவனுக்கு எது மாறாது என்று சொல்லுங்கள்: அவன் படுக்கும் இடம், அவன் டியூஷன், அப்பாவோடு ஞாயிற்றுக்கிழமை போகிற இடம். சொன்னதைக் காப்பாற்றுங்கள். பிள்ளை பிறந்த அடுத்த வாரமே அவன் மேஜையை வாசல் பக்கத் தார்சாவுக்குத் தள்ளிவிட்டுத் தொட்டில் கட்டினோம் நாங்கள். அதற்கு வட்டி கட்டிக்கொண்டே இருக்கிறேன்.

2. இரண்டு பைல் போடுங்கள், இரண்டு நிறத்தில்

பெரியவனுக்கு நீலம், சின்னவளுக்குச் சிவப்பு. ஒரே பைலில் போட்டால் அவசரத்தில் இவள் சான்றிதழ் அவன் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடும். எங்களுக்குப் போனது.

சின்ன பிள்ளையின் பைலில் முதலில் வர வேண்டியது பிறப்புச் சான்றிதழ். 2023 அக்டோபர் 1-க்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஆதார், ஓட்டுநர் உரிமம் எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்கான ஆதாரம் அது ஒன்றுதான். பெரிய பிள்ளைக்கு எதையோ காட்டிச் சமாளித்த மாதிரி இங்கே முடியாது. பிறந்த 21 நாளுக்குள் பதிவு ஆகிவிட வேண்டும், கட்டணம் இல்லை. ஆஸ்பத்திரியில் பிறந்தால் அவர்களே தகவல் அனுப்பிவிடுவார்கள். 30 நாள் தாண்டினால் எழுத்து மூலம் அனுமதி, ஒரு வருஷம் தாண்டினால் கோட்டாட்சியர் அலுவலகம் என்று அலைச்சல் கூடிக்கொண்டே போகும். கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போது கிராம சுகாதார செவிலியர் கொடுக்கும் பிக்மி எண் இல்லாமல் நம் ஊரில் சான்றிதழ் நகராது. 12 இலக்கம். பிரசவத்துக்குத் தாய்வீடு போகிறவர்கள் அந்த எண்ணை போனில் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் பெரிய பொறி பெயர். முதலில் வரும் சான்றிதழில் பெயர் இருக்காது. ஒரு வருஷத்துக்குள் எழுதிக்கொடுத்தால் கட்டணமில்லாமல் பெயர் சேர்ப்பார்கள். அதற்கப்புறமும் 15 வருஷம் வரை சேர்க்கலாம், ஆனால் தாமதக் கட்டணம் உண்டு. அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, குலதெய்வம் இசக்கியின் பெயர் வர வேண்டும், பெரியவன் கூகுளில் தேடி ஒரு பெயர் வைத்திருந்தான், எனக்கு ஒன்று. சண்டை 11 மாசம் நடந்தது. கடைசியில் இசக்கி நடுவில் வருகிற மாதிரி முடிவாகி, கெடுவுக்கு 3 வாரம் முன்னால் மாநகராட்சி மண்டல அலுவலகத்தில் கொடுத்தோம். உங்கள் வீட்டுச் சண்டையை 40-ஆம் நாளோடு முடித்துக்கொள்ளுங்கள்.

பெரிய பிள்ளையின் பைலில் தப்பு வேறு மாதிரி இருக்கும். நம் பக்கத்தில் தலைப்பிரசவம் அம்மா வீட்டில். அதனால் அவன் பிறப்புப் பதிவு தென்காசி நகராட்சியில். அவன் பிறந்தபோது தென்காசி திருநெல்வேலி மாவட்டம். 2019 நவம்பரில் தனி மாவட்டம் ஆகிவிட்டது. அவன் சான்றிதழில் ஒரு மாவட்டம், எங்கள் அம்மா வீட்டு முகவரியில் இன்னொரு மாவட்டம், எங்கள் ரேஷன் கார்டில் பாளையங்கோட்டை. விண்ணப்பம் எழுதும்போது "பிறந்த மாவட்டம்" என்ற கட்டத்தில் சான்றிதழில் உள்ளதையே எழுதுங்கள், "இப்போதைய மாவட்டம்" என்ற கட்டத்தில் இப்போதையதை எழுதுங்கள். இரண்டையும் குழப்பி நான் ஒரு விண்ணப்பத்தைத் திருப்பி வாங்கினேன். பழைய பதிவின் நகல் தேவைப்பட்டால் பதிவான ஊருக்கே நேரில் போவதுதான் எங்களுக்குக் கைகொடுத்தது. புதிய பேருந்து நிலையத்தில் ஆலங்குளம் வழி பஸ் பிடித்தால் ஒரு பகல் போய்விடும். மடியில் சின்னதை வைத்துக்கொண்டு போகாதீர்கள்.

பெரிய பிள்ளைக்கு இவ்வளவு இருக்க வேண்டும்: பிறப்புச் சான்றிதழ், ஆதார், சாதிச் சான்று, வருமானச் சான்று, வங்கிப் பாஸ்புக், முந்தைய வகுப்பு மதிப்பெண் பட்டியல்கள், 6 பாஸ்போர்ட் அளவுப் படம். சாதிச் சான்று ஒரு முறை வாங்கினால் போதும். வருமானச் சான்று ஒரு வருஷத்தில் காலாவதி ஆகிவிடும், ஆகவே பள்ளி கேட்கும் பருவத்துக்கு முன்னால் ஏப்ரல், மே மாசத்தில் போட்டுவிடுங்கள். இ-சேவை மையத்தில் ஒரு சான்றிதழுக்கு 60 ரூபாய். "சீக்கிரம் முடிச்சுத் தாறேன்" என்று மேலே கேட்பவரிடம் ரசீது கேளுங்கள், பேச்சு நின்றுவிடும்.

ஆதாருக்கு இரண்டு பிள்ளைகளையும் ஒரே நாளில் கூட்டிப் போகலாம். இதில் மட்டும் 13 வருஷ இடைவெளி நமக்கு உதவுகிறது. 5 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைக்குக் கைரேகை எடுப்பதில்லை. போட்டோ, பிறப்புச் சான்றிதழ், அம்மா அல்லது அப்பாவின் ஆதாரும் கைரேகையும் போதும், கட்டணம் கிடையாது. 5 வயதில் ஒரு முறை, 15 வயதில் ஒரு முறை கைரேகையும் கண்ணும் புதுப்பித்தே ஆக வேண்டும். 15 முடிந்து 17-க்குள் போனால் அதுவும் இலவசம். பெரியவனுக்குப் புதுப்பித்தல், சின்னவளுக்குப் புதிது, ஒரே டோக்கன் வரிசை. சின்னவளுக்கு மட்டும் என்றால் தபால்காரரிடம் கேட்டுப் பாருங்கள். தபால் துறையின் பேமென்ட்ஸ் பேங்க் வழியாக வீட்டுக்கே வந்து 5 வயதுக்குள்ளான பிள்ளைகளுக்குப் பதிந்து தருகிறார்கள்.

3. ஊசியும் மாத்திரையும் ஒரே காலண்டரில்

தாய் சேய் நல அட்டையைச் சின்னவளுக்குப் பத்திரமாக வைத்திருப்பீர்கள். பெரியவனுக்கும் ஊசி இருக்கிறது என்பது மறந்துவிடும். இதை அப்படியே காலண்டரில் எழுதிவிடுங்கள்:

சின்ன பிள்ளைக்கு 16 முதல் 24 மாசத்துக்குள் தட்டம்மை-ருபெல்லா இரண்டாம் ஊசி, முத்தடுப்பு ஊசியின் முதல் ஊக்கத் தவணை, போலியோ சொட்டு. 5 வயது வரை 6 மாசத்துக்கு ஒரு முறை வைட்டமின் ஏ திரவம். பெரிய பிள்ளைக்கு 10 வயதிலும் 16 வயதிலும் டிடி (ரண ஜன்னி, தொண்டை அடைப்பான்) ஊசி. பள்ளிக்கூடத்திலேயே போடுவார்கள். அன்றைக்கு லீவு போட்டிருந்தால் கேட்டு வாங்கிப் போடுவது உங்கள் வேலை.

பிப்ரவரி, ஆகஸ்ட் மாசங்களில் கொடுக்கும் பூச்சி மாத்திரை 1 வயது முதல் 19 வயது வரை எல்லாருக்கும். 2 வயதுக்குள் பாதி மாத்திரை, பொடித்துத் தண்ணீரில் கலந்து. அதற்கு மேல் முழுசு. வீட்டில் ஒருத்தருக்குப் பூச்சி இருந்தால் மற்றவருக்கும் ஒட்டிக்கொள்ளும், அதனால் ஒருத்தரை விட்டுவிட்டு ஒருத்தருக்குக் கொடுப்பதில் பலன் குறைவு.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஊசி நாள் புதன்கிழமை, இலவசம். வியாழக்கிழமை அவனுக்குத் தேர்வு இருக்கிற வாரத்தில் அந்தப் புதனை விட்டு அடுத்த புதனுக்குப் போங்கள். முத்தடுப்பு போட்ட ராத்திரி காய்ச்சலும் அழுகையும் நிச்சயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் தள்ளுவதால் ஒன்றும் ஆகாது, ஒரு வருஷம் தள்ளினால்தான் தப்பு.

4. தூக்கக் கணக்கைச் சரிசெய்யுங்கள், பாதிச் சண்டை போய்விடும்

எங்கள் வீட்டில் நடந்த சண்டையில் பாதி தூக்கம் இல்லாததால் வந்தது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வருஷம் ஆனது.

ஒன்றிலிருந்து இரண்டு வயதுப் பிள்ளைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து 11 முதல் 14 மணி நேரம் வேண்டும். 13 முதல் 18 வயதுக்கு 8 முதல் 10 மணி நேரம். அளவில் பிரச்சினை இல்லை, நேரத்தில்தான். வயசுக்கு வருகிற பருவத்தில் தூக்கத்தை வரவழைக்கும் மெலடோனின் உடம்பில் தாமதமாகத்தான் சுரக்க ஆரம்பிக்கிறது. ராத்திரி 10:30 வரை அவனுக்குக் கண் சொக்காது. அதைச் சோம்பேறித்தனம் என்று நினைத்து, காலை 4:30-க்கு முகத்தில் தண்ணி தெளித்து எழுப்பிப் படிக்க வைத்தேன். புத்தகத்தின் மேல் தூங்கினான். சின்னவளோ அந்தச் சத்தத்தில் 5 மணிக்கு எழுந்து ஆட்டம் போடுவாள். இரண்டு பேருமே சாயங்காலம் சிடுசிடு.

இப்போது எங்கள் நேரம் இது. சின்னவள் ராத்திரி 8:30-க்குப் படுக்கை, காலை 6-க்கு எழுவாள், பகலில் 2 மணி நேரத் தூக்கம். 8:30 முதல் 9:30 வரை பெரியவனுக்கு மட்டும் என்னுடைய நேரம். அவன் பாடம் ஒப்பிப்பான், இல்லாவிட்டால் சும்மா பேசுவான், சில நாள் ஒன்றுமே பேசாமல் முறுக்கு தின்பான். அதுவும் சரிதான். 10:30-க்கு விளக்கு அணைந்துவிட வேண்டும், காலை 6:30-க்கு எழுப்பு. ஞாயிற்றுக்கிழமை சின்னவள் தூங்கும் 1 மணி முதல் 3 மணி வரை அவனுக்குக் கணக்கு. வீட்டில் அந்த இரண்டு மணி நேரம் மிக்சி கிடையாது, குக்கர் விசில் கிடையாது.

இரண்டு அறை வீடு என்றால் அவனுக்குத் தட்டட்டியில் (மொட்டை மாடியில்) ஒரு விளக்கும் பலகையும் போட்டுக்கொடுங்கள். எங்களுக்கு ஒயரும் எல்.இ.டி. பல்பும் சேர்த்து 600 ரூபாய் ஆனது, கூலி வீட்டுக்காரர் கணக்கு. சித்திரை, வைகாசியில் ராத்திரி 7-க்கு மேல்தான் அங்கே உட்கார முடியும். பகலில் கால் வைக்க முடியாது.

5. பெரியவன் பொருள், சின்னவள் வாய்

ஒரே பிள்ளை இருக்கிற வீட்டில் இல்லாத ஆபத்து இங்கே இருக்கிறது. வளர்ந்த பிள்ளையின் பொருள் எல்லாம் தவழும், நடக்கும் பிள்ளைக்கு விஷமோ கத்தியோதான். ஜியாமெட்ரி பாக்ஸ் கவராயம், பிளேடு, ஷேவிங் ரேசர், பாடி ஸ்பிரே, இயர்போன் முனை, சில்லறைக் காசு.

எல்லாவற்றையும் விட மோசம் பொத்தான் பேட்டரி. கால்குலேட்டர், வாட்ச், சின்ன ரிமோட்டில் இருக்கும் வட்ட பேட்டரி. தொண்டையில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயை உள்ளேயே வேக வைத்துவிடும். ஒரு நாள் அவன் பழைய ரிமோட் மூடி திறந்து கிடந்தது, பேட்டரியைக் காணோம், பக்கத்தில் இவள் வாயைச் சப்புக்கொட்டிக்கொண்டு இருக்கிறாள். தூக்கிக்கொண்டு ஓடினோம். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. பேட்டரி கட்டிலுக்கு அடியில் கிடைத்தது. ஆனாலும் ஓடினது சரிதான். விழுங்கியிருப்பாள் என்று சந்தேகம் வந்தாலே 108-ஐ அழையுங்கள், அல்லது எக்ஸ்ரே வசதியுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு நேராகப் போங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள், வாழைப்பழம் ஊட்டாதீர்கள்.

செய்ய வேண்டியது: பெரியவனுக்கு நாலடிக்கு மேலே பூட்டு வைத்த ஒரு அலமாரி. எங்களுக்குப் பழைய கடையில் 1,400 ரூபாய்க்குக் கிடைத்தது. சாவி அவனிடமே. சின்னவளைக் காப்பாற்றுவதற்காக வாங்கினேன், ஆனால் அவன் சயின்ஸ் ரெக்கார்டு கிழியாமல் தப்பியதுதான் அவனுக்குப் பெரிய ஆறுதல். அதற்கு முன்னால் இவள் இரண்டு படத்தைக் கிழித்திருந்தாள். நான் "சின்னப் பிள்ளைதானல" என்று சொன்னேன். அவன் அழுதான், 14 வயதுப் பையன். இனி எதைக் கிழித்தாலும் முதலில் அவன் பக்கம் பேசுங்கள். அவளுக்கு அது புரியப் போவதில்லை, அவனுக்குப் புரியும்.

தண்ணீரும் அப்படித்தான். குழாயில் வராத நாளுக்கு என்று டிரம்மிலும் வாளியிலும் பிடித்து வைப்போம். ஒரு சாண் தண்ணீர் இருந்தாலும் பிள்ளை தலைகுப்புற விழுந்தால் எழத் தெரியாது. வாளியைக் கவிழ்த்து வையுங்கள், டிரம்முக்கு மூடி போடுங்கள், குளியலறைக் கதவை வெளியே தாழ்ப்பாள் போடும் பழக்கத்தைப் பெரியவனுக்கும் சொல்லிக்கொடுங்கள். கூல்டிரிங்ஸ் பாட்டிலில் பினாயில் ஊற்றி வைப்பதை இன்றோடு நிறுத்துங்கள். இரண்டு பேருமே குடித்துவிடக்கூடும்.

6. பெரிய பிள்ளை ஆயா இல்லை

"ஏல, தங்கச்சியப் பாத்துக்கோ, அம்மா இந்தா வந்துருதேன்." இந்த வாக்கியத்தை ஒரு நாள் எண்ணிப் பார்த்தேன். 14 முறை. அவன் வாயைத் திறந்து குறை சொல்லவில்லை, டியூஷன் முடிந்து வீட்டுக்கு வருவதைத் தாமதப்படுத்த ஆரம்பித்தான். பெரிய பிள்ளை பொட்டப்பிள்ளையாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். என் மதினி மகள் எட்டாம் வகுப்பிலேயே இன்னொரு அம்மா ஆகிவிட்டாள், அதை எல்லாரும் பாராட்டினார்கள் வேறு.

இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு நாளைக்கு அரை மணி நேரம், நேரம் முன்கூட்டியே பேசி வைத்தது. எங்கள் வீட்டில் சாயங்காலம் 6 முதல் 6:30 வரை, நான் அடுப்படியில் இருக்கும்போது. அதற்கு மேல் தேவைப்பட்டால் கேட்க வேண்டும், "முடியாது" என்று சொல்லும் உரிமை அவனுக்கு உண்டு. தேர்வு வாரத்தில் அந்த அரை மணியும் இல்லை. குளிப்பாட்டுவது, மருந்து கொடுப்பது, ராத்திரி தூங்க வைப்பது மூன்றும் ஒருபோதும் அவன் வேலை இல்லை.

மாற்று ஏற்பாட்டுக்குப் பால்வாடி இருக்கிறது. அங்கன்வாடியில் 2 வயது முடிந்த பிள்ளையைச் சேர்த்துக்கொள்கிறார்கள், சாப்பாடும் உண்டு, காசு இல்லை. ஆதார், பிறப்புச் சான்றிதழ் நகல், தாய் சேய் அட்டை கேட்பார்கள். அதில் கௌரவம் பார்த்துக் கொஞ்ச நாள் தனியார் காப்பகத்துக்கு மாசம் 3,500 கொடுத்தேன். பால்வாடி டீச்சர்தான் இவளை டயப்பரிலிருந்து மீட்டார் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பெரிய பிள்ளையோடு மட்டும் வாரத்தில் ஒரு முறை வெளியே போங்கள். வ.உ.சி. மைதானத்தில் இரண்டு சுற்று, வாசலில் ஒரு சுண்டல் பொட்டலம். இருவரையும் கூட்டிப் போக வேண்டும் என்றால் கொக்கிரகுளம் அறிவியல் மையம் நல்லது. சின்னது ஓடலாம், பெரியது படிக்கலாம், யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை.

7. சாப்பாடும் போனும்

ஒரே உலை, இரண்டு தட்டு. சொதியில் பச்சை மிளகாய் போடுவதற்கு முன்னால் சின்னவளுக்கு ஒரு கரண்டி எடுத்துவிடுங்கள். உளுந்தஞ்சோறு இரண்டு பேருக்கும் ஒத்துவரும், எள்ளுத் துவையல் அவனுக்கு. முழுக் கடலை, முழுத் திராட்சை சின்னவளுக்குக் கூடாது, மூச்சுக்குழலில் அடைக்கும். பால் ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் போனால் சோறு இறங்காது, ரத்தம் குறையும். பெரியவன் ராத்திரி 10 மணிக்குத் திரும்பவும் பசிக்கிறது என்பான். நிஜமாகவே பசிக்கும், திட்டாதீர்கள்.

போனில் விதி ஒன்றுதான், இருவருக்கும் பொதுவாக: சாப்பாட்டு நேரத்தில் யார் கையிலும் போன் இல்லை. அப்பா கையிலும். 2 வயதுக்குள் திரையே வேண்டாம், 2 முதல் 4 வயது வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அவளுக்குப் போனைக் காட்டிச் சோறு ஊட்டிக்கொண்டே அவனிடம் "போனைக் கீழ வைல" என்று கத்தினேன். "அவளுக்கு மட்டும் என்னம்மா?" என்றான். பதில் இல்லை.

8. வண்டியும் ஆறும்

சாயங்காலம் தெருவில் பாருங்கள், பத்தாம் வகுப்புப் பையன் ஸ்கூட்டர் ஓட்டுகிறான், முன்னால் தங்கச்சி நிற்கிறாள். பார்க்க அழகாக இருக்கும். 18 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளை ஓட்டிப் பிடிபட்டால் பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதம், 3 வருஷம் வரை சிறை, வண்டிப் பதிவு 12 மாசம் ரத்து, அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை உரிமம் கிடையாது. "16 வயசுக்கே லைசென்ஸ் தருவாவளே" என்பார்கள். அது 50 சிசி-க்கு மேற்படாத கியர் இல்லாத வண்டிக்கு. உங்கள் வீட்டு ஸ்கூட்டர் அதில் வராது.

நீங்கள் ஓட்டும்போதும் 9 மாசம் முதல் 4 வயது வரையுள்ள பிள்ளைக்கு உடம்போடு கட்டும் பாதுகாப்புப் பட்டையும் ஹெல்மெட்டும் வேண்டும், வேகம் 40-க்குள். 2023 பிப்ரவரியிலிருந்து இது விதி. பட்டை எங்களுக்கு 450 ரூபாய்க்குக் கிடைத்தது.

தாமிரபரணி பற்றி இரண்டு வார்த்தை. பெரியவன் நண்பர்களோடு குளிக்கப் போவான், தடுத்தால் சொல்லாமல் போவான். எந்தப் படித்துறை என்று சொல்லிவிட்டுப் போகச் சொல்லுங்கள். மணல் அள்ளிய பள்ளம் மேலே இருந்து தெரியாது, பாபநாசம் அணையில் தண்ணீர் திறந்தால் இழுப்பு மாறும். தங்கச்சியைக் கூட்டிப் போவது எந்தக் காரணத்துக்கும் கூடாது.

9. பணம்

எங்கள் வீட்டில் பிள்ளைகளுக்கு மட்டும் மாசச் செலவு ஏறக்குறைய இப்படி: பெரியவன் டியூஷன் 1,200, ஆட்டோ 1,400, சின்னவள் டயப்பர் முன்பு 1,800, இப்போது 500, டாக்டர் மருந்துக்கு என்று 1,000 தனியாக ஒரு டப்பாவில். அந்த டப்பாவை வேறு எதற்கும் தொடக்கூடாது. ஆடி மாசக் காற்றில் இரண்டு பேருக்கும் ஒன்றாகச் சளி பிடிக்கும்.

சின்னது பெண் பிள்ளை என்றால் தபால் நிலையத்தில் செல்வமகள் சேமிப்புக் கணக்கு தொடங்குங்கள். 10 வயதுக்குள் தொடங்க வேண்டும். பெரியதும் பெண்ணாக இருந்து 10 தாண்டிவிட்டால் அவளுக்கு முடியாது, அதை நினைத்து அழுவதில் பயனில்லை. 250 ரூபாயில் தொடங்கலாம், வருஷம் குறைந்தது 250 போட வேண்டும், உச்சம் ஒன்றரை லட்சம். 15 வருஷம் கட்டினால் போதும், 21 வருஷத்தில் முதிரும். பிறப்புச் சான்றிதழ், உங்கள் ஆதார், பான், படம்.

பெரிய பிள்ளை அரசுப் பள்ளியில் அல்லது அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தால் ஒன்று கவனியுங்கள். கல்லூரியில் மாசம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களுக்கு 6 முதல் 12 வரை அங்கேயே படித்திருக்க வேண்டும். பத்தாம் வகுப்பில் நல்ல மார்க் வாங்கினதும் தனியாருக்கு மாற்றச் சொல்லி ஆள் வரும். மாற்றினால் அது போயிற்று.

10. பரீட்சை வருஷத்தை முன்கூட்டியே பிரித்து வையுங்கள்

ஜூனில் ஆதார் வேலையை முடியுங்கள். காலாண்டுத் தேர்வை ஒட்டி நாமினல் ரோல் வரும்போது நீங்களே பள்ளிக்குப் போய், பெயர், இனிஷியல், பிறந்த தேதி மூன்றையும் பிறப்புச் சான்றிதழோடு எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். தமிழிலும் ஆங்கிலத்திலும் பாருங்கள். மதிப்பெண் சான்றிதழ் அச்சாகி வந்த பிறகு ஒரு எழுத்தை மாற்றுவது தனி யாத்திரை. அன்றைக்குச் சின்னதை யாரிடமாவது விட்டுவிட்டுப் போங்கள். இடுப்பில் அவளை வைத்துக்கொண்டு போய் நான் இனிஷியலைப் பார்க்காமல் விட்டேன், இரண்டு நாள் கழித்து அவனே கண்டுபிடித்தான்.

ஜனவரி, பிப்ரவரியில் அவனுக்குத் திருப்புதல் தேர்வு, அதே நேரம் தனியார் பள்ளிகளில் எல்.கே.ஜி. விண்ணப்பம். சின்னதுக்கு 3 வயது முடியாமல் அவசரப்பட வேண்டாம், ஒரு வருஷம் பால்வாடியில் இருக்கட்டும். ஒரே வருஷத்தில் இரண்டு சேர்க்கை, இரண்டு கட்டணம் என்று மாட்டிக்கொள்ள மாட்டீர்கள்.

மார்ச், ஏப்ரலில் பொதுத்தேர்வு. பங்குனி உத்திரமும் அந்தப் பக்கம்தான் வரும். சாஸ்தா கோயிலில் சின்னவளுக்கு மொட்டையும் காதுகுத்தும் அன்றைக்கே வைத்தாக வேண்டும் என்று அத்தை பிடிவாதம். கிடா, பந்தல், 60 பேர், கணக்குப் பரீட்சைக்கு நாலு நாள் முன்னால். இந்தச் சண்டையில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. "அத்தை, இவளுக்கு மொட்டை அடுத்த வருஷமும் அடிக்கலாம், அவனுக்குப் பரீட்சை இந்த வருஷம்தான்" என்றேன். அத்தை இரண்டு நாள் என் கையால் காப்பி வாங்கிக் குடிக்கவில்லை. மூன்றாம் நாள் தாய்மாமனுக்கு அவர்களே போன் போட்டு, மே மாசம் ரிசல்ட் வந்த பிறகு ஒரு நாள் பாரு என்று சொல்லிவிட்டார்கள். பெரியவன் அதை அறைக்குள்ளிருந்து கேட்டுக்கொண்டிருந்தான். வெளியே வந்து, "மாமா மடில உக்காந்தா அழுவா, என் மடில வச்சுக் குத்தலாமாம்மா?" என்று கேட்டான். மாமன் சம்மதிப்பாரா என்று இன்னும் கேட்கவில்லை.